கால் என்றால் எது வரை?

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு சின்னப் புண். மீன்முள் குத்தியிருக்கும் என்று மஞ்சள் வைத்துக் கட்டினேன். கருவாடு காயப்போடுகிற எனக்கு முள் குத்துவது புதிதா? வலிக்கவும் இல்லை. வலிக்காத புண்ணை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). அது பாத நரம்பைச் சாகடித்து, குத்தினாலும் சுட்டாலும் தெரியாமல் ஆக்கிவிடுமாம். இத்தனை வருசம் குளிசை (மாத்திரை) தந்தவர்களில் ஒருவராவது அதைச் சொன்னார்களா? சீனி உள்ளவர்கள் படுக்கமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விறாந்தையில் தள்ளுகட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னார். நேர்ஸ் பிள்ளை குனிந்து தமிழில் சொன்னது.

“அம்மா, கால் எடுக்கோணும். ஓமோ?”

“ஓம் பிள்ளை, எடுங்கோ.”

எங்கள் பேச்சில் பாதமும் கால்தான், கெண்டையும் கால்தான், தொடையும் கால்தான். கால் கழுவிப்போட்டு உள்ளே வா என்றால் பாதத்தைத்தான் கழுவுகிறோம். நான் ஓம் சொன்னது பாதத்துக்கு. மயக்கம் தெளிந்து போர்வையைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

பக்கத்தில் நின்ற மகன் யூட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினவர் அம்மா. உங்களுக்குச் சொன்னா ஓம் சொல்லமாட்டியள் எண்டுதான்…”

“என்ர காலடா அது!”

கிருமி மேலே ஏறிவிட்டது, பாதத்தோடு நிறுத்தியிருந்தால் உயிர் போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும். வெட்டின இடம் சரிதான். அதற்கு எனக்குக் கோபம் இல்லை. எது வரை என்று ஒரு விரலால் கோடு போட்டுக் காட்ட எவ்வளவு நேரம் செல்லும்? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் விரலால் காட்டினால் விளங்காதவள் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் இல்லாத பாதம் கடித்தது. சொறியக் கையைக் கொண்டுபோனால் பாய்தான் இருக்கும். (வெட்டிய உறுப்பு இன்னும் இருக்கிறது என்று மூளை நினைக்கிறதாம். அது பைத்தியம் இல்லை, பயப்படாதீர்கள்.) பொய்க்கால் தந்தார்கள், அது தழும்பை உரசியது. அதையும் பழகினேன். பழக முடியாதது ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் என் முன்னாலேயே “பாவம்” என்பார்கள். எடுபட்டது கால், காது இல்லை.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தணிந்தபோது, எங்கள் ஊர்க் கீரிக் கடற்கரைக்கு ஒரு கூட்டம் வந்திருக்கிறது, நடக்க ஏலாதவர்களைப் பறக்க வைப்பார்கள் என்று கோயிலில் அறிவித்தார்கள். பெரிய துணிச் சிறகு. எஞ்சின் இல்லை. தூரத்தில் ஒரு பொறி கயிற்றைச் சுற்றி இழுக்க, சிறகு மேலே ஏறும். உயரத்தில் கயிற்றைக் கழற்றிவிட்டால் பருந்து மாதிரி மிதந்து மிதந்து இறங்கும். ஓட முடியாதவர்களுக்காக இருக்கைக்குச் சக்கரம் பூட்டியிருந்தது. ஓட்டுகிறவர் பின்னால், நாங்கள் முன்னால்.

இளம் ஆட்களை ஒவ்வொருவராக ஏற்றினார்கள். போகும்போது வெளிறிப் போனவர்கள் கத்திச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. என் முறை வந்தபோது பந்தலில் நின்ற உத்தியோகத்தர் யூட்டிடம் கேட்டார்.

“அம்மா ஏறமாட்டா தானே தம்பி? வயசு போட்டுது, பாவம். இருந்து பாக்கட்டும்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“ஐயா, நான் இங்கதான் இருக்கிறன். கால் போனா வாயும் போச்சோ?”

“கோவிக்காதேங்கோ அம்மா. உங்கட நன்மைக்குத்தான்.”

“அப்பிடிச் சொல்லித்தான் காலையும் எடுத்தவை!”

யூட் நிலத்தைப் பார்த்தபடி, “அம்மாவைக் கேளுங்கோ ஐயா,” என்றான். அவன் வாயிலிருந்து அது வர இவ்வளவு காலம் பிடித்தது.

சிறகு ஓட்டும் பிள்ளை வந்து நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு நேரே மணலில் குந்தினாள். பெயர் வினோ. வெளிநாட்டில் பிறந்தவள், தாய் தகப்பன் அடம்பன் ஊர் ஆட்கள்.

“அன்ரி, வாறீங்களோ? விருப்பம் இல்லாட்டிப் பரவாயில்லை.”

கயிறு எப்படி இழுக்கும், எங்கே குலுக்கும், எப்படி இறங்குவோம் என்று எல்லாவற்றையும் எனக்கே சொன்னாள். பிறகு கேட்டாள்.

“உங்கட கால் எது வரை இருக்கு? இருக்கைப் பட்டி எங்க போட்டா நோகாது?”

அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விறாந்தையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கடற்கரை மணலில் வந்து கேட்கப்படுகிறது. பொய்க்காலைக் கழற்றிவிட்டு, சேலைக்கு மேலால் விரலால் கோடு போட்டுக் காட்டினேன்.

“இது வரை. வாறன், கட்டு பிள்ளை.”

கயிறு சுண்டியது. சக்கரம் மணலில் கடகடத்தது, பிறகு சத்தம் நின்றுவிட்டது. கயிறு கழன்றபின் காற்று மட்டும். கீழே நான் கருவாடு காயப்போடும் இடம் ஒரு பாய் அளவு. அதற்கு அங்கால் ஆஸ்பத்திரிக் கூரை.

“இங்கயிருந்து துப்பினா அதில விழுமோ?”

“காத்து எங்கட முகத்திலயே அடிச்சுப்போடும் அன்ரி!”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலும் கோபம் இருந்தது. போகவில்லை. அது இருந்த இடத்தில் இருக்க, அதற்குப் பக்கத்தில் சந்தோசமும் வந்து இருந்துகொண்டது. நல்ல காலுக்கும் அங்கே நிலம் இல்லை. இல்லாத பாதத்தில் குளிர்காற்று பட்டது. கடிக்கவில்லை.

மணல் கிட்ட வந்தது.

“அன்ரி, ரெண்டு காலையும் தூக்குங்கோ!”

பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன உடனே, “ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி,” என்று பதறினாள். எதற்கு மன்னிப்பு? நான் இரண்டையும் தூக்கியிருந்தேன். இல்லாததும் தூக்கியது, எனக்குத் தெரியும்.

இறங்கியதும் அந்த உத்தியோகத்தர் யூட்டைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எப்பிடி இருந்தது அம்மா?” என்றார்.

உங்களிடம் கால், மார்பு, குடல் எதையாவது எடுக்க வேண்டும் என்று சொன்னால், எங்கேயிருந்து எது வரை என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை ஓம் சொல்லாதீர்கள். என் உடம்பு ஒரு காலத்தில் பாதத்தில் முடிந்தது. பிறகு, அவர்கள் வெட்டின இடத்தில் முடிந்தது. இப்போது எது வரை என்று நான்தான் சொல்கிறேன். அது நாளுக்கு நாள் மாறுகிறது: ஒரு நாள் வெட்டின இடம் வரை, ஒரு நாள் இல்லாத பாதம் வரை.