அம்பாசமுத்திரத்துக்கு வராத இரங்கல் கூட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியின் அம்பாசமுத்திரம் கிளையில் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை வளாகம் பாளையங்கோட்டையில். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வாடகைத் தொலைபேசி இணைப்பு; நல்ல மழை பெய்தால் அதுவும் படுத்துவிடும்.

தலைமை வளாகத்தில் புதிதாக ஒரு வசதி செய்திருந்தார்கள். அரங்கில் ஒருவர் பேசினால் அந்தக் குரலை ஒரு முறைதான் வலையில் விடுவார்கள். கேட்க விரும்பும் கணினிகளுக்கு மட்டும் ரூட்டர்கள் பிரதி எடுத்து அனுப்பும். மல்டிகாஸ்ட் என்பார்கள். எங்களுக்கு வரும் இணைப்பு ஒல்லி என்பதால், 239 என்று தொடங்கும் முகவரிகளுக்குப் போவது எதுவும் அந்த வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று நிர்வாகம் வாசல் ரூட்டரில் எல்லை போட்டிருந்தது. நியாயமான ஏற்பாடுதான், நானும் குறை சொன்னதில்லை.

அங்கே பாடம் நடத்திய ஒரு பெண் விரிவுரையாளர் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். சின்ன வயது. இரங்கல் கூட்டத்தைக் கிளைகளிலும் கேட்கலாம் என்று ஃபேக்ஸ் வந்தது. அவருடைய அப்பா எங்கள் ஊர்க்காரர். ஒரு கால் விளங்காது, பஸ் ஏற முடியாது. ஆட்டோவில் கூட்டிவந்து என் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள்.

"எம்மவ அங்கன எப்படி இருந்தாளோ, எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அவளா சொல்லவும் மாட்டா. நாலு பேர் சொல்லக் கேக்கணும்" என்றார்.

நேரமானதும் இணைத்தேன். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. முகவரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: 239. எப்போதும்போல அதிலேயே விட்டிருக்கிறார்கள். எல்லையைக் கொஞ்சம் திறந்துவிட ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோன் போட்டேன். எல்லாரும் அரங்கில் இருந்தால் யார் எடுப்பார்கள்?

திரும்பிப் பார்த்தால், பெரியவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்.

"மௌன அஞ்சலி நடக்குல்லா, எல்லாரும் எந்திரிங்க."

அறையில் இருந்த மாணவர்கள் எழுந்தார்கள். உட்காருங்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய நல்ல கால் நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப ஃபோன் போட்டேன். கடைசியில் அங்கிருந்த வாட்ச்மேன் எடுத்தார்.

"கூட்டம் முடிஞ்சிட்டே சார். எல்லாரும் உருகி உருகிப் பேசுனாவ. பிள்ளைய எல்லாம் அழுதுட்டு."

பெரியவரைப் பிடித்து உட்காரவைத்து, கூட்டம் முடிந்துவிட்டது என்றேன்.

"ஒருத்தரும் அவளப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்கய்யா. நிறையப் பேசினாங்களாம். இந்த மிஷின்லதான் இங்க வரல."

"நீங்க கேட்டியளா?"

"இல்ல."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "என் மனசு ஆறணும்னு சொல்லுதிய தம்பி" என்றார்.