இராசேஸ்வரியின் கம்ப்யூட்டர் ராணியைக் கொடுத்த நாள்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இராசேஸ்வரியைப் பேசா மடந்தை என்பார்கள். செஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வாய் ஓயாது! கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்கு வந்தால், ஆசை ஆசையாக வாங்கிய சின்னக் கம்ப்யூட்டருக்குச் செஸ் ஆடச் சொல்லிக் கொடுக்கும் வேலை.

எண்பத்து நான்காம் ஆண்டு, செஸ் சங்கத்தின் போட்டிக்கு அதைக் கொண்டுவர அனுமதி கேட்டாள். செயலாளர் சிவசம்பு அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கறார்ப் பேர்வழி.

"ஒரு நாள் பார்ப்பம். மானமாய் விளையாடினால் சனிக்கிழமை தோறும் கொண்டு வா பிள்ளை. இல்லையெண்டால் இதோட சரி."

கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் அய்யாவு. கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுபவர். ஜெயித்தால் கோப்பை அவருக்கு. ஆட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கம்ப்யூட்டர் தன் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்தது. மண்டபமே கொல்லென்று சிரித்தது. இராசேஸ்வரிக்கு மானம் கப்பலேறியது.

அய்யாவு மட்டும் சிரிக்கவில்லை. "தங்கச்சி, இவ்வளவு நேரம் ஒழுங்கா வெளயாண்டுச்சு. திடீர்னு எப்படி லா மண்டை கொழம்பும்? அதுக்குக் குடுத்த டைம் முடிஞ்ச ஒடனேதான் இப்படிப் போட்டுச்சு, கவனிச்சீங்களா?"

அவளுக்குச் சுரீரென்றது. அந்தக் கம்ப்யூட்டர் முதலில் எல்லா நகர்த்தல்களையும் மேலோட்டமாகப் பார்க்கும். பிறகு அத்தனையையும் கொஞ்சம் ஆழமாக, அதன்பின் இன்னும் ஆழமாக. ஒரு நகர்த்தலுக்கு அவள் வைத்த நேரம் தீர்ந்ததும் ஒன்றை ஆடியாக வேண்டும். மேலாளர் கூப்பிட்டதும் கையில் இருக்கும் தாளை நீட்டிப் பழகிய புத்தியில், இங்கேயும் அதையே செய்து வைத்திருந்தாள்! அந்த நொடியில் எந்த நகர்த்தலைப் பார்க்கிறதோ அதையே ஆடும்படி எழுதிவிட்டாள். ராணியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அது சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துபோனது.

"சாப்பாட்டு நேரத்துல சரி பண்ணிடுவேன் அண்ணே. ஆனா ராணி போனதோட ஆட்டமும் முடிஞ்சுபோச்சே."

அய்யாவு நேரே செயலாளரிடம் போனார். "சார், இந்த ஆட்டம் கணக்குல வேணாம். சாப்பிட்டுட்டு மறுபடி ஆடுறோம்."

"கோப்பை கைக்கு வந்திட்டுது. அதை விடப் போறீரோ?"

"தோத்தா என் பாடு லா சார்."

செயலாளர் சரியென்றார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மண்டபத்தில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். டீ போடக் கெட்டிலோடு வந்தவர்களை அய்யாவு வழிமறித்தார். "பிளக்கப் புடுங்குனா தங்கச்சி எழுதுனதெல்லாம் போயிரும். இன்னிக்கு டீ கெடையாது, போங்க!" அவரும் சாப்பிடாமல் அங்கேயே நின்றார்.

அவள் மாற்றியது சில வரிகள்தான். யோசனையில் ஒரு சுற்று முழுதாக முடிந்த பிறகே, அதில் தேறிய நகர்த்தலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அடுத்த சுற்றின் பாதியில் நேரம் போய்விட்டால், அந்த அரைகுறை யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எடுத்து வைத்ததை ஆட வேண்டும்.

மறு ஆட்டத்தில், நெருக்கடியான கட்டத்தில் நேரம் தீர்ந்தது. இராசேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர் குதிரையை அலட்டிக்கொள்ளாமல் பின்னுக்கு இழுத்தது. "அட!" என்று நிமிர்ந்தார் அய்யாவு. கடைசியில் ஆட்டம் சமன்.

"சனிக்கிழமை கொண்டு வா பிள்ளை" என்றார் சிவசம்பு. அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் அய்யாவுக்குச் சமன் போதவில்லை; கோப்பை காஜாங் ஊரிலிருந்து வந்த ஒருவருக்குப் போய்விட்டது.

"என்னாலதானே அண்ணே..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, நீங்க ஒண்ணு! கோப்பை அலமாரியில தூங்கும். எனக்கு ஷிப்டு வேலை, வெளயாட ஆளே கெடைக்காம அலைஞ்சேன். இப்ப கெடைச்சிருச்சுல்ல?"

அடுத்த சனிக்கிழமை அவள் பெட்டிகளோடு டாக்சியில் வந்து இறங்கினாள். வாசலில் அய்யாவு காத்திருந்தார், கையில் நாலு பிளக் மாட்டும் நீளமான வயர்.

"இனிமே டீயும் உண்டு லா, தங்கச்சி."

தனக்குக் கூடப் பிறந்தவர் யாருமில்லை என்று இராசேஸ்வரி அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை.