அரசுக்குத் துணைவன், மில்லிக்கனுக்கு அண்ணன்

ஒவ்வொரு காலையும் வேலைக்குப் புறப்படும் முன், யாரும் படுக்காத ஒரு படுக்கையை நான் கலைத்து வைப்பேன். முன்னறையில் கிடக்கும் மடக்குக் கட்டில் அது. போர்வையை ஒரு மூலைக்கு ஒதுக்கி, தலையணையில் முழங்கையால் ஒரு குழி போட்டால், ஓர் ஆண் விடியும்வரை அதில் குறட்டை விட்டதுபோல இருக்கும். நாற்பது விநாடி வேலை. வீட்டுக்காரி ஸ்ரெல்லா அன்ரியின் சலவை இயந்திரம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மன்ரில், வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்தான் நிற்கிறது. உடுப்புக் கூடையோடு இறங்கி வரும் அன்ரி அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். நிமலனும் நானும் அதற்குப் பின்னால் உள்ள அறையில், ஒரே கட்டிலில், பதினாறு மாதங்களாக உறங்குகிறோம்.

கனடாவில், மில்லிக்கன் என்ற பகுதியில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, "ரெண்டு பேரும் என்ன முறை?" என்று அன்ரி கேட்டார். நிமலன் வாயைத் திறக்குமுன் "பெரியம்மாவின்ரை மகன்" என்றேன். மச்சான் என்று சொல்லியிருந்தால் கலியாணத் திகதி கேட்டிருப்பார். கலியாணத்தில் எனக்கு விருப்பமில்லாததற்குத் தத்துவம் எதுவுமில்லை. யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் ஒரு பத்திரிகையில் செய்தியாளராக இருந்தேன். ஆள் இல்லாத நாட்களில் மணமகள் தேவை விளம்பரங்களையும் திருத்தவேண்டும். ஆள் இல்லாத நாட்கள் வாரத்தில் ஐந்து. நிறம், உயரம், கிரகநிலை, வெளிநாட்டு நிரந்தர வதிவிடம் என்று அந்த வரிகளுக்குக் காற்புள்ளி போட்டுப் போட்டே ஆசை போய்விட்டது. நிமலனைப் பிடித்திருந்தது. அந்த விளம்பரப் பக்கத்தில் ஏறத்தான் பிடிக்கவில்லை.

ஆனால் என் வேலை அனுமதி பங்குனியோடு முடிவதாக இருந்தது. நிமலன் கனடியக் குடிமகன். தாலி இல்லாமலே துணையை ஸ்பொன்சர் செய்து நிரந்தர வதிவிடம் எடுத்துக்கொடுக்க இந்த நாட்டில் வழி உண்டு. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் போதும். நாங்களோ அந்த ஒரு வருடத்தின் தடயங்களை அக்கறையாக அழித்திருந்தோம். குடிவரவு ஆலோசகர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. "உங்கள் குடும்பத்துக்கு இந்த உறவு தெரியுமா?" என்று கேட்டார். "தெரிந்தால் அம்மா என்னைக் கொன்றுபோடுவார்" என்றேன், சும்மா பேச்சுக்கு. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, பெண்கள் பாதுகாப்பு இல்லம் ஒன்றின் தொலைபேசி இலக்கத்தை எழுதி என் பக்கம் தள்ளினார். அம்மா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, உயரம் ஐந்தடி, இருப்பது யாழ்ப்பாணத்தில் என்று விளக்கினேன். அப்படியிருந்தும் இலக்கத்தை வைத்திருக்கச் சொன்னார். பிறகு, வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வரும்படி சொன்னார்.

இருவரும் இந்த விலாசத்தில் இருக்கிறோம் என்று மட்டும் எழுதித் தரும்படி அன்ரியிடம் கேட்டோம். இரண்டு நாள் எடுத்து, ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். விலாசம், திகதி எல்லாம் சரி. இரண்டாம் பந்தி இப்படி இருந்தது: 'இவர்கள் அண்ணனும் தங்கையும். கட்டுப்பாடான பிள்ளைகள். வெவ்வேறு கட்டிலில் படுப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இந்தப் பெண்ணின் ஒழுக்கத்துக்கு நான் உத்தரவாதம்.' எங்கள் ஆட்களிடம் கடிதம் கேட்டால் நற்சான்றிதழ்தான் கிடைக்கும். ஒரு சொற்பிழைகூட இல்லை. என்னைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு பந்தி போதும்.

உண்மையைச் சொல்ல மேலே போனோம். "நீ சொல்லு" என்றான் நிமலன், படிக்கட்டில் நின்று.

"நீதானே அண்ணன். நீ சொல்லு."

கடைசியில் நான்தான் சொன்னேன். அன்ரி இறாலைக் கோது நீக்கி உடைத்துக்கொண்டிருந்தார். நான் முடித்தபோது, உடைத்த இறால் குப்பைக்குள்ளும் கோது சட்டிக்குள்ளும் போயிருந்தன.

"அப்ப அந்தக் கட்டில்?"

"சும்மா, அன்ரி."

"பொடியனுக்குக் குளிருமெண்டு நான் கம்பளிப் போர்வையெல்லோ தந்தனான்!" சிறிது யோசித்தார். "உனக்கு என்ரை அக்காவின்ரை பெடியனைப் பேசி வைச்சிருக்கிறன், தெரியுமே? லண்டனிலை. தமையன் எண்டு உவனிட்டைத்தான் கேட்டனான். ஓம் எண்டவன்!"

நான் நிமலனைப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டுதான் சொன்னனான்" என்றான்.

"சீதனம் தர ஏலாது எண்டும் சொன்னனீ!" அன்ரி என் பக்கம் திரும்பினார். "கட்டினா முடிஞ்சுதுதானே, பிள்ளை? சேர்ச் பாதரிட்டை நானே கதைக்கிறன்."

"கட்ட விருப்பமில்லை, அன்ரி."

"ஏன், உவனிலை ஏதும் குறையே?"

"இல்லை."

"அப்ப உன்னிலையோ?"

இருவரிலும் இல்லை என்பதை அவரால் நம்பமுடியவில்லை. ஆனாலும் அவரை உறுத்தியது அதுவல்ல. "பொய்க் கடிதத்துக்கெல்லோ கையெழுத்து வைச்சிட்டன்" என்றார் மெல்ல. "அதைக் கிழி." கை கழுவிக்கொண்டு வந்து, குசினி மேசையிலேயே புதியதை எழுதினார்: 'இவர்கள் கணவன் மனைவியாகப் பதினாறு மாதம் என் வீட்டில் வாழ்கிறார்கள். என்னையும் ஏமாற்றினார்கள்.' ஆலோசகர் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு, மிகவும் நல்ல சாட்சியம் என்றார்.

அன்ரிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. "கவுண்மேந்துக்கு உண்மை. சேர்ச் சனத்துக்கு நீங்கள் தமையனும் தங்கச்சியும்தான். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், என்னைப் பொய்க்காரி ஆக்காதேங்கோ."

இருவரும் சேர்ந்து நிற்கும் படமும் தேவைப்பட்டது. எங்களிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. அன்ரியே தன் வரவேற்பறையில் எடுத்தார். "கிட்ட நில், கடிக்கமாட்டான்" என்று ஒன்று. பிறகு எங்கள் இருவரையும் விலக்கி நடுவில் தான் வந்து நின்று, நிமலனைக் கைநீட்டி எடுக்கச்சொல்லி இன்னொன்று. "இது கொம்மாவுக்கு அனுப்பு. சந்தோசப்படுவா."

அனுமதி முடிய ஒரு மாதம் இருக்கையில், முதல் படத்தோடு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. முடிவு வரும்வரை நான் இங்கே இருக்கலாம். இரண்டாவது படத்தை அன்றிரவே அம்மாவுக்கு அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் அப்போது காலை. உடனே பதில் வந்தது: 'வீட்டுக்காரி நல்ல மனிசிபோலக் கிடக்கு. மற்றப் பக்கம் நிக்கிற பெடியன் ஆர்?'

பெரியம்மாவின் மகன் என்று மில்லிக்கனில் சொல்லும் பதிலை அம்மாவிடம் சொல்ல முடியாது. அரசுக்கு எழுதிக் கொடுத்த பதிலை இன்னும் சொல்லவில்லை. நான் வாசித்துவிட்டேன் என்று காட்டும் இரண்டு நீலக் குறிகள் மட்டும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டன.