தவராசா சேரும் என் கண்டல் பட்டையும்

இரசாயன விரிவுரையாளர் தவராசா வெள்ளிக்கிழமை இறந்துபோனார். என் கடைக்குப் பற்றரி வாங்க வந்தவர் சொல்லித்தான் தெரியும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த நீங்கள் அவரைப் பற்றி நல்லதையே எழுதுவீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற வானொலி திருத்துநன் நான், நடந்ததை எழுதுகிறேன்.

வாவியோரத்தில் தனித்து நின்ற ஒரு கண்டல் மரத்துப் பட்டையிலிருந்து புண் ஆற்றும் சாறு எடுத்து வந்தேன். புத்தகம் பார்த்து நானே கற்ற வேலை. அதில் உலகம் அறியாத பொருள் இருப்பதாக நம்பினேன். சுனாமி அந்த மரத்தையும் என் மனைவியையும் கண்ணாடிப் போத்தல்களையும் கொண்டுபோனது. எஞ்சிய கைப்பிடிப் பட்டையை மதுசாரத்தில் ஊறவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் வடித்துத் தவராசா சேரிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

அங்கிருந்து வந்த வரைபடத் தாளை மாணவர்கள் முன்னால் விரித்து எனக்கு விளக்கினார். ஐதரசன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்துச் சரியான வானொலி அலையைச் செலுத்தினால் அது நிலை குலையும். அலை நின்றதும், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய குறிகை, அதாவது சமிக்ஞை, விடும். சுற்றியுள்ள இலத்திரன்கள் காந்தப் புலத்தைச் சற்று மறைப்பதால், ஒவ்வோர் இடத்து ஐதரசனும் சற்றே வேறு அதிர்வெண்ணில் ஒலிக்கும். தாளில் அது ஒரு கோடாக எழும்; அயல் ஐதரசன்கள் அந்தக் கோட்டைப் பல முனைகளாகப் பிளக்கும்.

"அண்ணே, அது தன்னைப் பத்தி மட்டும் சொல்லாது. பக்கத்தில ஆர் இரிக்காங்க எண்டும் சொல்லும்" என்றார். பிறகு உயர்ந்த முனைகளைப் பேனையால் தட்டினார். "இது உங்கட மரம் இல்ல. குழாயை வளைய வைக்கிற எண்ணெய். மதுசாரம் கரைச்சிட்டு."

இன்னொரு முறை எடுக்க மரம் இல்லை, ஆனால் அதில் மருந்து இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது என்றேன்.

"குறிகை இல்லாட்டிப் பொருள் இல்ல. மனம் சொல்றதை எழுதேலாது."

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் தடுக்கவில்லை.

போர் முடிந்த ஆண்டு, பழுதான வானொலியோடு அவரே என் கடைக்கு வந்தார். அவருடைய மகன் வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தான். செய்தி கேட்க வேண்டும் என்றார். "அவன் உசிரோடதான் இரிக்கான் அண்ணே. மனம் சொல்லுது."

"குறிகை வந்ததா சேர்?" என்றேன். "இல்லாட்டி அதுவும் குழாய் எண்ணெய்தான்."

அவர் வானொலியை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போனார். மகன் திரும்பவில்லை. நாங்கள் பிறகு பேசவும் இல்லை.

தாளைப் பற்றி அவர் சொன்னது சரி. படித்து நானே உறுதி செய்தேன், அவரிடம் சொல்லவில்லை. இன்றும் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பவை அந்தத் தாளும் வானொலியும். வானொலியில் ஒரு கம்பிதான் கழன்றிருந்தது. அன்று அவர் வாசல் படலையைத் தாண்டுமுன்பே பற்றவைத்துவிட்டேன். அவரைக் கூப்பிடவில்லை.