அப்பாவுக்குப் பீடி குமட்டிய நாள்

இன்று விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தார். எனக்கு நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. நான் ஆறாம் வகுப்பு. அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். அவருடைய பீடிக்காக அம்மா தினமும் சண்டை போடுவாள். வைகாசி விசாகத்துக்கு மறுநாள், பாதிப் பீடியை எறிந்துவிட்டு, "கொமட்டுதுடி, வாணாம்" என்றார். வேண்டுதல் பலித்ததென்று அம்மா அன்றைய காலண்டர் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அப்புறம் சோறும் இறங்கவில்லை. மூட்டெல்லாம் வலித்தது. வேலை விட்டு வந்ததும் படுத்துவிடுவார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

"சூளைச் சூடுடி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தான் போவுது" என்று இளநீர் குடித்தார்.

கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்க, அம்மா சோறு இறங்காத நாளைச் சொன்னாள். பீடி விட்டதையும் சொன்னாள்.

"பீடி குமட்டுச்சே, அதுதாம்மா முதல் அறிகுறி. ஈரல் கெட்டா புகை புடிக்காது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். அதன்பின் தினமும் காலையில், "பீடி புடிக்கத் தோணுதா?" என்று கேட்பாள். அப்பா படுத்தபடியே இல்லையென்று தலையாட்டுவார்.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, கொல்லையிலிருந்து புகை வாடை வந்தது. அம்மா அடுப்பை அப்படியே விட்டு ஓடினாள். அப்பா பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மறைக்காதீங்க. இன்னிக்கு ஒண்ணு புடிச்சிக்குங்க. நாளைலேருந்து திட்டுறேன்" என்றாள்.