இரண்டு நிறத்தில் சாக்லேட்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளைப் போல ஒரு கறார் பேர்வழி கிடையாது. பெயர் ஒட்டாத குழாயை மேலதிகாரியே நீட்டினாலும் தொடமாட்டாள். அந்த வேலையை வைத்துத்தான் கணவனின் மகள் அவளுக்கு 'ஊசி ஆன்ட்டி' என்று பெயர் சூட்டியிருந்தாள். இவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, இவள் கைபட்ட எதையும் அந்தச் சின்னவள் வாயில் வைத்ததில்லை.

அடம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேர்க்கடலை சின்னவளுக்கு ஆகவே ஆகாது. முன்பொரு விருந்தில் யாரோ ஆசையாக ஊட்டிய இனிப்பில் தொண்டை அடைத்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அன்றிலிருந்து அப்பா கையால் கொடுத்தால்தான் சாப்பாடு.

அப்படிப்பட்டவள் இன்று பள்ளி விட்டு வந்ததும், கறுத்துப்போன வாழைப்பழங்களைப் பார்த்து, "இதுல மஃபின் பண்ணத் தெரியுமா ஊசி ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள்.

இவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழத்தை மசித்து, முட்டை, எண்ணெய், சர்க்கரை சேர்த்து, மாவைக் கட்டி தட்டாமல் கலந்து, அலமாரி டப்பாவிலிருந்த சாக்லேட் சிப்ஸை அப்படியே கவிழ்த்தாள். எதை வாங்கி வந்தாலும் உறையைக் கிழித்து எறிந்துவிட்டுப் பழைய டப்பாவில் இருப்பதன் மேலேயே கொட்டி வைப்பது கணவனின் வழக்கம். அதை ஒழுங்கு என்று வேறு பீற்றிக்கொள்வான்.

மஃபின்கள் உப்பி வந்தன. வீடே மணத்தது. மேசைமேல் ஆறவைத்துவிட்டு, சமையல் மேடையைத் துடைக்கத் திரும்பினாள். சிந்திக் கிடந்த சிப்ஸில் சில கறுப்பு, சில வெளிர்பழுப்பு. குழாய் குழாயாகப் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? வெளிர்பழுப்பில் ஒன்றை நாக்கில் வைத்தாள்.

வேர்க்கடலை.

துடைத்த துணியைப் போட்டுவிட்டு மேசைப் பக்கம் ஓடினாள். சின்னவள் ஒன்றைப் பிட்டு, ஊதி ஊதி வாயருகே கொண்டுபோயிருந்தாள். இவள் ஓங்கித் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதிச் சிதறியது.

"வாயில வச்சியா? சொல்லுடி! நாக்கைக் காட்டு!"

"வைக்கலை!" சின்னவள் வீறிட்டாள். "கொடுக்க மனசில்லைன்னா எதுக்குப் பண்ணீங்க?"

இவள் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஒவ்வாமைக்கென்று வீட்டில் வைத்திருந்த அவசர ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் உதட்டையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வீங்கவில்லை. மூச்சும் சீராகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டுக் கணவன் உள்ளறையிலிருந்து வந்தான். "என்னாச்சு?"

"சாக்லேட்ல வேர்க்கடலை."

அவன் முகம் வெளுத்தது. டப்பாவைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

"யாரு போட்டது?" என்றாள் சின்னவள்.

இவளுக்கு அவன்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் குழந்தை நம்புவது அந்த ஒரு கையைத்தான். அதையும் கெடுத்துவிட்டால் அவள் யார் கையால் சாப்பிடுவாள்?

"நான்தான்மா. பார்க்காம கொட்டிட்டேன்." இனி இந்த வீட்டில் இவள் கொடுப்பதை அவள் தொடப்போவதில்லை.

அவன் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இல்லடா கண்ணு," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "கடைக்காரன் புது ரகம்னான். என்னன்னு கேக்காம பழசு மேலயே கொட்டினது அப்பாதான்."

சின்னவள் இருவரையும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்கு மறுபடி பண்ணுங்க ஊசி ஆன்ட்டி. எல்லாத்தையும் முதல்ல நீங்க வாயில வச்சுப் பாருங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

"நானும் பாக்குறேன்டா," என்றான் அவன்.

"நீங்க வேண்டாம்ப்பா."

அவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, சிதறியதைக் கூட்ட ஆரம்பித்தான்.