தெருவில் இறக்கி வைத்த அண்டா

வியாழக்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மேரி ஓடிவந்து, "அக்கா, ஏசுவடியான் அண்ணன் போயிட்டாவ" என்றாள். நான் கை கழுவி உட்காருவதற்குள் இரண்டு போன். ஒன்று எங்கள் சபையின் மேலத்தெரு மூப்பர், மற்றது கீழத்தெரு மூப்பர். இருவரும் கேட்டது ஒன்றுதான்: "அடக்க ஆராதனையில மொதல்ல யாரு பேசுகது?" அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்டைக்காடு சாலையிலிருந்து இறங்கும் எங்கள் ஊர்த் தெருவில், அண்ணன் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அவர்கள் அண்டாதான் போகும். எங்கள் சபையில் அசனப் பொறுப்பும் அவர்களுடையது. அசனம் என்றால், ஆலயத் திருவிழா அன்று சபையார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவது. பெண்கள் ஐக்கியச் செயலர் என்ற முறையில் பல வருஷம் அவர்களோடு நின்று காய்கறி நறுக்கியிருக்கிறேன். "பாட்டு பாடுகது மட்டும் ஆராதனை இல்ல மக்கா, பரிமாறுகதும் ஆராதனதான்" என்பார்கள்.

புயலில் முட்டத்து மீனவர்களின் வள்ளங்கள் கரை திரும்பாத வருஷம், யாரும் கேட்காமலே அண்ணன் அண்டாவை வேனில் ஏற்றினார்கள். "அவிய கத்தோலிக்கக்காரங்க. நம்ம சபையா?" என்று ஒரு மூப்பர் மறித்தார். "அவிய கஞ்சி குடிச்ச பொறவு கேட்டுச் சொல்லுகேன்" என்றார்கள் அண்ணன். வேன் போய்விட்டது.

பிறகு சபைத் தேர்தல் வந்தது. ஜெயித்தது மேலத்தெரு. அந்த வருஷ அசனத்தில் கீழத்தெருக்காரர்கள் உட்கார்ந்த வரிசைக்கு வரும்போது சாம்பார் தீர்ந்துபோயிருந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சண்டை. அடுத்த வருஷம் மேலத்தெருவுக்கு ஆலய வளாகத்தில் ஓர் அசனம், கீழத்தெருவுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இன்னொன்று. இரு தரப்பும் அண்டா கேட்டு வந்து நின்றார்கள்.

"ஒரே பந்தின்னா வாடகையே வேண்டாம். ரெண்டு பந்தின்னா ஒரு கரண்டி கூட கெடையாது" என்றார்கள் அண்ணன்.

வீம்புக்கு வழியா இல்லை! இரு தரப்பும் கோட்டாற்றுக் கடைகளுக்குப் போய் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். அண்ணன் இரண்டு இடத்திலும் கை நனைக்காமல் வீட்டில் பழையது குடித்தார்கள்.

அன்றிலிருந்து வீடு வீடாக நடந்தார்கள். "பைபிள்ல, ஆதி சபையில வந்த மொத சண்டையே பந்தி சண்டதான். விதவைகளுக்குச் சரியா பரிமாறல்லன்னு. அதுக்கு அப்போஸ்தலர் ரெண்டு அடுப்பா மூட்டுனாவ? பரிமாற நல்ல ஆளு ஏழு பேர வச்சாவ." எல்லாரும் தலையாட்டினார்கள், காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

"ஒரு தடவையாவது சத்தம் போடுங்க அண்ணே" என்றேன் எரிச்சலில்.

"அதுக்குத்தான் ஊருல ஆள் நெறைய உண்டே" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இந்த வருஷம் இரு தரப்பும் ஒருவழியாக இறங்கி வந்தன. நோட்டீஸில் யார் பேர் முதலில் என்பதில் அதுவும் முறிந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் நெஞ்சுவலி. அந்த ஒரு பந்தியைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் இரண்டு தெருவுக்கும் ஞானம் பிறந்தது. அண்ணன் நினைவாக ஒரே அசனம் வைப்போம் என்றார்கள். அண்ணி கடையைத் திறந்துவிட்டார்கள். பெரிய அண்டாவை இந்தத் தெருக்காரர் இருவரும் அந்தத் தெருக்காரர் இருவருமாகத் தூக்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தெருவுக்கு வந்ததும் நின்றார்கள். இடப்பக்கம் போனால் ஆலயம், வலப்பக்கம் போனால் பள்ளிக்கூடம். "எங்க கொண்டு வைக்கது?" என்ற பேச்சு ஏச்சாகி, அண்டாவை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ராத்திரி பெய்த மழைத் தண்ணீர் அதில் நின்றது.

அண்ணே, இனி நான் யாரையும் கெஞ்ச மாட்டேன். பெண்கள் நாங்கள் தண்ணீரைக் கவிழ்த்து அண்டாவைக் கழுவிவிட்டோம். அது இருந்த இடத்திலேயே அடுப்புக்கல் கூட்டியாயிற்று. இரண்டு தெரு அடுப்படிகளிலிருந்தும் பிடி அரிசி வந்துகொண்டிருக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் இந்தத் தெருவில்தான் உட்கார வேண்டும், ஒரே வரிசையில். வராதவர்கள் சுற்றிக்கொண்டு போகட்டும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.